அரை அங்குல மழை

எங்கள் தெருவில் புல்லுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று முடிவு செய்வது கராஜ் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டி. நாளைக்கு மழைக்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு என்று வானிலை அறிக்கை சொன்னால், அது இன்றைக்கு ஸ்பிரிங்க்ளரைத் திறக்காது. வெயில் நூறு டிகிரியைத் தாண்டும் என்றால் ஐந்து நிமிடம் கூடுதலாக விடும். காற்று பலமாக அடித்தால் தள்ளிப்போடும். சொன்ன மழை நிஜமாகவே பெய்ததா என்று தெரிந்துகொள்ள, பக்கத்தில் எங்கே மழைமானி இருக்கிறதோ அதைக் கேட்கும்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்து மழைமானி என்னுடையது. என் கொல்லையில், ஒரு கம்பத்தின் மேல் இருக்கிறது. அதை விட்டால் பதினோரு மைல் தள்ளி ஏர்போர்ட்டில்தான் அடுத்தது.

என் பெயர் தெய்ன் ரிக்பி. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், இந்த மலையடிவாரத்து ஊரிலேயே அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு மழையை அளந்து நோட்டில் மையால் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் பழைய மழைமானியை எடுத்துவிட்டுத் தானாகவே இணையத்தில் வானிலை வலைக்குத் தகவல் அனுப்பும் புதியதை வைத்தேன். நோட்டை மட்டும் விடவில்லை. முட்டி ஆபரேஷன் நடந்த வாரம்கூட என் மனைவி ஆர்டித் குடையோடு போய்ப் பார்த்துச் சொல்ல, நான் படுக்கையில் கிடந்தபடி எழுதினேன். நான் நல்ல கணவனா என்று கேட்டால் ஆர்டித் கொஞ்சம் யோசிப்பாள். அந்த நோட்டில் தப்பான எண் ஒன்றாவது இருக்குமா என்று கேட்டால் யோசிக்காமல் இல்லை என்பாள். போன ஆகஸ்ட் வரைக்கும் அவள் சொன்னது சரி.

அந்தக் கோடையில் நாற்பத்தாறு நாள் ஒரு சொட்டு இல்லை. ஜூலை கடைசி ஞாயிறு, எங்கள் பிஷப் சபையில் எழுந்தார். எங்கள் சபையில் பிஷப் என்றால் அங்கியும் மாளிகையும் கிடையாது. ஐந்தாறு வருடம் சம்பளமில்லாமல் பார்க்க வேண்டிய பொறுப்பு, எங்களில் யாராவது ஒருவர் தலையில் வந்து விழும். இப்போது என் பக்கத்து வீட்டுக்காரர் கார்ன் டோல்மன் தலையில். மற்ற நாட்களில் அவர் பல் டாக்டர்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உபவாசம் மழைக்காக," என்றார் பிஷப். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி கிடந்து, சபையில் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். "ஒரே ஒரு விஷயம். சனிக்கிழமை சாயங்காலமே எல்லாரும் உங்க பெட்டிய ஆஃப் பண்ணிடுங்க. ஆண்டவர்கிட்ட மழையும் கேட்டுட்டு, கொல்லையில ஸ்பிரிங்க்ளரையும் ஓட விட்டா, அதுக்குப் பேரு விசுவாசமா?"

"ஆமென்!" என்று முதல் ஆளாகக் குரல் கொடுத்தது மெர்லீன் ஸ்டோக்ஸ். எங்கள் பாடகர் குழுவை நடத்துகிறவள். தெருவில் எது நடந்தாலும் நடந்தவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

அதைச் சொல்வது பிஷப்புக்கே எளிதாக இருந்திருக்காது. ஏனென்றால் உபவாசத்துக்குப் பின் வரும் இரண்டாவது சனிக்கிழமை அவர் மகள் பிரின்லியின் கல்யாண வரவேற்பு, அவர்கள் வீட்டுப் புல்தரையில்தான். பூ வளைவு நிற்கப்போகிற மூலை என் வேலியை ஒட்டியது. அங்கே புல் சொட்டையாக இருந்ததால், உபவாசத்துக்கு இரண்டு நாள் முன்னால் புதுப் புல்லைச் சுருள் சுருளாக வாங்கிவந்து விரித்தார். தூரமாக எட்டுகிற மாதிரிப் புது ஸ்பிரிங்க்ளர் ஒன்றையும் அங்கே நட்டார். புதுப் புல் பச்சைக் குழந்தை மாதிரி. காலையும் மாலையும் தண்ணீர் காட்டாவிட்டால் செத்துப்போகும்.

உபவாச ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் நோட்டோடு கொல்லைக்குப் போனேன். மழைமானி அரை அங்குலம் காட்டியது.

வானத்தைப் பார்த்தேன். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. தெருவைப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. என் தக்காளிச் செடிகள் தலை தொங்கி நின்றன. உள்ளே வந்தேன்.

"ஆர்டித், ராத்திரி மழை பெஞ்சுதா?"

"எங்க?"

"நம்ம வீட்டுல. நம்ம வீட்டுல மட்டும்."

"பசியில உனக்குத் தல சுத்துது. போய் உக்காரு."

உட்காரவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தேன். வேலிப் பலகைகள் பிஷப் பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கம்பமும் அந்தப் பக்கம் மட்டும் ஈரம். எட்டிப் பார்த்தால் புதுப் புல் தளதளவென்று நிற்கிறது, அதன் நடுவே அந்தப் புது ஸ்பிரிங்க்ளர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரித் தரைக்குள் தலையை இழுத்துக்கொண்டு கிடக்கிறது. விடியற்காலையில் மலைப்பக்கத்திலிருந்து காற்று இறங்கும். பிஷப் தன் பேச்சைத் தானே கேட்காமல் கையால் திறந்துவிட்டிருக்கிறார். காற்று அந்தத் தண்ணீரை வேலி தாண்டிக் கொண்டுவந்து என் மழைமானியில் நிரப்பியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம்தான் உறைத்தது. என் மழைமானி அந்த அரை அங்குலத்தை வலைக்கு அனுப்பியாகிவிட்டது. திருத்த வழி இருக்கிறது. ஆனால் திருத்தினால் காரணம் சொல்ல வேண்டும். பறவை, சிலந்தி, ஸ்பிரிங்க்ளர் என்று பட்டியல் வரும், ஒன்றைத் தொட வேண்டும். தொட்டது தெருவில் எல்லார் கைபேசிக்கும் போகும். என் வீட்டில் ஸ்பிரிங்க்ளரே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். என் விரல் 'ஸ்பிரிங்க்ளர்' என்ற சொல்லுக்கு மேல் நின்றுகொண்டிருந்தபோது ஆர்டித் கூப்பிட்டாள்.

"ஒம்பது மணிக்குக் கூட்டம். இன்னும் டை கட்டல நீ."

சரி, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

சாட்சி சொல்ல முதலில் எழுந்தது மெர்லீன். கையில் கைபேசி.

"காலையில என் பெட்டி எனக்கு ஒரு செய்தி அனுப்பிச்சு," என்றாள். "'அருகில் அரை அங்குல மழை பெய்துள்ளது. வியாழன் வரை தண்ணீர் தேவையில்லை.' நாம கேட்டோம். பொழுது விடியறதுக்குள்ள குடுத்துட்டாரு!"

சபையில் பாதிப் பேர் தங்கள் கைபேசியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் காய்ந்த தெருவில் நடந்து வந்தவர்கள். ஒருவர் ஷூவிலாவது ஈரம் இருந்திருக்காது. "எங்க பக்கம் பெய்யல, மேட்டுப்பக்கம் பெஞ்சிருக்கு," என்று பின்வரிசையில் ஒருவர் விளக்கம் சொன்னார். மேட்டுப்பக்கத்துக்காரர் பள்ளப்பக்கம் பெய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஆர்டித் காதில் குனிந்தேன். "அது மழ இல்ல. பிஷப் வீட்டு ஸ்பிரிங்க்ளர்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இப்ப எந்திரிச்சு ஏதாவது சொன்னே, உபவாசம் முடிஞ்சாலும் உனக்குச் சோறு கிடையாது."

அதற்குள் பிஷப் எழுந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"நேத்து என் விசுவாசம் ஆட்டம் கண்டுச்சு," என்றார். "என்ன ஏதுன்னு கேக்காதீங்க. எனக்கும் அவருக்கும்தான் தெரியும். காலையில பெட்டியப் பாத்தேன். அரை அங்குலம். எனக்கு... எனக்குக் கொஞ்சமும் தகுதியில்லாத அரை அங்குலம்."

அப்படியே அழுதுவிட்டார். பதினைந்து வருடமாக என் பல்லைப் பிடுங்கியும் அடைத்தும் வருகிற மனிதர், ஒரு நாள்கூடக் கலங்கி நான் பார்த்ததில்லை. மேடைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த நேரத்தில் எழுந்து 'பிஷப், அது உங்க வீட்டுத் தண்ணி' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தேன். பூஜ்யம் என்று எழுதினால் வலை ஒன்று சொல்லும், நோட்டு ஒன்று சொல்லும். எழுதாமல் விட்டால் முப்பத்தொரு வருடத்தில் முதல் ஓட்டை. மையால் அரை என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. எண் பொய் சொல்லாது என்று எத்தனை வருடம் பிள்ளைகளிடம் அடித்துப் பேசியவன் நான். எண்ணா பொய் சொன்னது, நான்தானே.

உபவாசம் முடிந்து எல்லாரையும் போலப் பெட்டியை ஆன் செய்ததோடு சரி, அதற்குப் பிறகு பிஷப் அதைத் தொடவேயில்லை. செவ்வாய்க்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஓரம் சுருளத் தொடங்கியிருந்த புதுப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி விடலாமில்ல, பிஷப்?" என்றேன். நல்லதுக்குத்தான் கேட்டேன்.

"இல்ல ரிக்பி பிரதர். இனிமே நான் கை வெக்கறதா இல்ல. அவரு குடுக்கறாரு, பெட்டி கணக்குப் பாத்துக்குது. நடுவுல நான் யாரு?"

வியாழக்கிழமை பெட்டி திறந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு வானிலை அறிக்கை வெள்ளிக்கிழமை மழைக்கு அறுபது சதவீதம் என்றது. பெட்டி பொறுத்தது. வெள்ளிக்கிழமை மேகம் திரண்டு வந்து, எங்கள் தலைக்கு மேல் நின்று யோசித்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் போய்க் கொட்டியது. அறிக்கை ஞாயிறு என்று மாற்றிச் சொன்னது. பெட்டி மறுபடியும் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் பொய்த்தது. தெரு முழுக்கப் புல் வைக்கோலாகிக்கொண்டிருந்தது, ஒருவரும் குழாய்ப் பக்கம் போகவில்லை. மழை பெய்ததற்குச் சாட்சி சொல்லிவிட்டு எப்படிக் குழாயைத் திறப்பது?

பிஷப்பின் மனைவிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அன்று மாலை வேலியைத் தாண்டி எனக்குக் கேட்டது இதுதான்: "உங்க விசுவாசத்தோட பிரின்லி கல்யாணத்துல நீங்க நில்லுங்க. எனக்குப் புல்லு வேணும்."

திங்கட்கிழமை காலை ஏழு மணி. மழைமானியில் கால் அங்குலம். வேலி அந்தப் பக்கம் ஈரம். பிஷப் மறுபடி கையால் திறந்திருக்கிறார்.

எட்டு மணிக்கு மெர்லீன் தெருவில் நின்று கத்தினாள். "மறுபடியும் பெஞ்சிருக்கு! மறுபடியும் விடியக்காலையில!" எல்லாப் பெட்டிகளும் இன்னும் இரண்டு நாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டன. பிஷப்பினுடையதும்தான். மழை வந்த செய்தியைப் பார்த்ததும் மனிதர் மறுபடி மனம் கசிந்து, பெட்டியைப் பழையபடி அதன் போக்கிலேயே விட்டுவிட்டார். திருட்டுத்தனமாகத் தண்ணீர் விட்டால் மழை பெய்துவிடுகிறது, மழை பெய்ததால் தண்ணீர் விடக் கூசுகிறது. இந்தச் சக்கரத்தில் புல்தான் அரைபட்டது.

"போய் அந்த ஸ்பிரிங்க்ளரக் கொஞ்சம் திருப்பி வெய்யுங்கன்னு சொல்லிடேன்," என்றாள் ஆர்டித்.

"சொன்னா ஏன்னு கேப்பாரு."

"ஏன்னு சொல்லு."

"அன்னிக்கு என் வாயப் பொத்தினது நீதான்."

"அன்னிக்கு முந்நூறு பேரு இருந்தாங்க. இப்ப அவரு தனியாதானே இருக்காரு. உனக்குத் தைரியமில்ல, அத ஒத்துக்கோ."

ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை காலை, எளிதான வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். கராஜிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் பக்கெட் ஒன்றை எடுத்துவந்து மழைமானியின் மேல் கவிழ்த்தேன். இனி யார் எந்தப் பக்கத்திலிருந்து பீய்ச்சினாலும் அது பூஜ்யம் என்றுதான் சொல்லும். மழைக்கு வாய்ப்பில்லை என்று அறிக்கையும் சொல்கிறது. பூஜ்யத்தைப் பார்த்துப் பெட்டிகள் திறந்துகொள்ளும், புல் பிழைக்கும், கல்யாணம் நடக்கும், யார் முகமும் கோணாது. ஏமாற்று வேலைதான். பொய்யை அழிக்க முடியாதபோது அடுத்த பொய் வராமலாவது தடுக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வேலை செய்தது. புதனிலிருந்து தெருவில் சாயங்காலமானால் ஸ்பிரிங்க்ளர்கள் சீறின. சனிக்கிழமைக்குள் பிஷப் வீட்டுப் புல் முக்கால்வாசி எழுந்துவிட்டது. மீதி மஞ்சள் திட்டுகளின் மேல் நாற்காலிகளைப் போட்டார்கள்.

சனிக்கிழமை நூற்றொரு டிகிரி. மழைக்கு வாய்ப்பு பத்து சதவீதம். ஐந்தரை மணிக்கு விருந்தாளிகள் வரிசையில் நின்று மணமக்களுக்குக் கை கொடுத்தார்கள். அலுமினியத் தட்டுகளில் துக்க வீட்டு உருளைக்கிழங்கு ஆவி பறந்தது. பெயர்தான் அப்படி. சாவானாலும் கல்யாணமானாலும் சீஸும் கிரீமும் மிதக்கிற அந்த உருளைக்கிழங்கு இல்லாமல் எங்கள் ஊரில் நாலு பேர் கூடமாட்டார்கள். முதல் தட்டு காலியாகி, கழுவிப் புல்தரை ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காற்று மாறியது. மலை உச்சியில் கறுத்தது. யாரோ "அட!" என்று சொல்லி முடிப்பதற்குள் கொட்டத் தொடங்கியது. தூறலும் இல்லை, சாரலும் இல்லை, நேராக மழை. அறுபது நாளாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த மழை.

அலறிக்கொண்டு கராஜுக்குள்ளும் பந்தலுக்குள்ளும் ஓடினார்கள். பிரின்லி மட்டும் நடுப் புல்லில் நின்று, கல்யாண உடையோடு கையை விரித்து நனைந்தாள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. பிஷப் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மணி ஆறு. பகலில் பத்து முதல் ஆறு வரை தண்ணீர் விடக்கூடாது என்பது ஊர் விதி, பெட்டிகள் விதி மீறாதவை. சரியாக ஆறு அடித்ததும், கொட்டுகிற மழையில், தெருவில் அத்தனை வீட்டு ஸ்பிரிங்க்ளரும் தலை தூக்கின. பிஷப் வீட்டிலும்தான். கல்யாண அவசரத்தில் அதை நிறுத்த மறந்திருந்தார். மேலிருந்தும் கீழிருந்தும் தண்ணீர்.

"பிஷப்! உங்க பெட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" மெர்லீன் பந்தலுக்குள்ளிருந்து கத்தினாள். கைபேசியைத் துடைத்துப் படித்தாள். "'அருகில் உள்ள மழைமானி: பூஜ்யம்.' பூஜ்யமா? என் தல மேல கொட்டுது, பூஜ்யமாம்! யாரோட மழைமானி இது?"

யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாத் தலைகளும் வேலிப் பக்கம் திரும்பின. வேலிக்கு மேல் என் கம்பம். கம்பத்தின் மேல் வெள்ளை வெளேரென்று பக்கெட்.

"ரிக்பி பிரதர்," என்றார் பிஷப். "அந்த பக்கெட் எதுக்கு?"

நூற்றைம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாக்கியம் போதும், என் நோட்டும் என் பெயரும் சுத்தமாகிவிடும். எதிரே மகள் கல்யாணத்தில் நனைந்து நிற்கிற மனிதர்.

"மழ வரும்னு நான் நம்பல, பிஷப்," என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். "ரெண்டு தடவ பெஞ்சும் நம்பலையா? விசுவாசமே இல்லாத சயின்ஸ் வாத்தியாரு!" என்றாள் மெர்லீன். ஆர்டித் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிஷப் சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மூலையில் இருந்த புது ஸ்பிரிங்க்ளர் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் தண்ணீர் மலைக்காற்றில் வேலியைத் தாண்டி வளைந்து, பக்கெட்டின் மேல் விழுந்தது. டம். ஒரு சுற்று. டம். ஒரு சுற்று. டம். பிஷப்பின் கண் ஸ்பிரிங்க்ளரிலிருந்து வேலிக்குப் போனது, வேலியிலிருந்து பக்கெட்டுக்கு, பக்கெட்டிலிருந்து என் முகத்துக்கு. மழை தந்த மலர்ச்சி அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. மற்றவர்கள் மழையையும் மணப்பெண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு, ஏழு மணி. நான் பக்கெட்டை எடுத்தேன். மழைமானி பூஜ்யம் காட்டியது. என் கைபேசிக்கு வலையிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: சுற்றியுள்ள எந்த நிலையத்திலும் மழை இல்லாதபோது என் நிலையம் இரண்டு முறை மழை சொல்லியிருக்கிறது, எல்லா நிலையத்திலும் மழை பெய்தபோது இல்லை என்றிருக்கிறது, ஆகவே நம்பத்தகாதது என்று நீக்கப்படுகிறது.

வாசலில் பிஷப் நின்றுகொண்டிருந்தார். சபைக்குப் போகிற கோட்டும் டையும். இரண்டு கையாலும், மழைத்தண்ணீர் தேங்கிய அந்த உருளைக்கிழங்குத் தட்டைச் சிந்தாமல் பிடித்திருந்தார்.

"மழ ஆரம்பிக்கறப்போ இது காலியா இருந்துச்சு," என்றார். "ஸ்பிரிங்க்ளர் எட்டாத எடம், பாத்துட்டேன். ஓரமெல்லாம் நேரா இருக்கு. ஸ்கேல் இருக்கா?"

சமையல் மேடையில் வைத்து அளந்தோம். முக்கால் அங்குலம்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றார்.

"நீங்க அழுதுட்டு இருந்தீங்க."

அவர் தட்டிலிருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். "அடுத்த மாசம் சபையில நானே எந்திரிச்சுச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. மெர்லீன் நம்பமாட்டா."

அந்தக் காலையில் முதல் தடவையாகச் சிரித்தார். "அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு பண்ணணும். அந்த நோட்டக் குடுங்க."

கொடுத்தேன். அவர் பக்கங்களைத் திருப்பி, உபவாச ஞாயிறைக் கண்டுபிடித்து, என் பேனாவை வாங்கி அரை அங்குலத்துக்குப் பக்கத்தில் எழுதினார்: 'இது மழை அல்ல, என் வீட்டுத் தண்ணீர். கார்ன் டோல்மன்.' திங்கட்கிழமை கால் அங்குலத்துக்குப் பக்கத்தில், 'இதுவும்.' முப்பத்தொரு வருடத்தில் அந்த நோட்டில் விழுந்த முதல் வேற்றுக் கையெழுத்து. டாக்டர் கையெழுத்துத்தான், ஆனாலும் படிக்க முடிகிறது.

பேனாவைத் திருப்பி வாங்கி, கடைசி வரிக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு நான் எழுதினேன்: 'முக்கால் அங்குலம். உருளைக்கிழங்குத் தட்டில் அளந்தது.'